இருபது கம்ப்யூட்டர், மூன்று லட்சம் ரூபாய்: ஒரு பள்ளி லேபுக்கு எது தோது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள் அந்த லேபைத் திறந்தோம். கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை போகிற பக்கம், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. மேஜைகளில் 20 டெஸ்க்டாப். ஒவ்வொன்றாக ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்பது உயிர் பிடித்தன. ஐந்து பீப் பீப் என்று கத்திவிட்டு அப்படியே நின்றன. மீதி ஆறு மூச்சே விடவில்லை. ஏப்ரல் கடைசியில் அணைத்துப் பூட்டிய யு.பி.எஸ்., பேட்டரி அத்தனையும் வடிந்து படுத்திருந்தது.

பின்னால் நின்ற தலைமையாசிரியர் கேட்டார்: "தம்பி, பழைய மாணவர்கள் மூணு லட்சம் தர்றேன்னு சொல்றாங்க. புதுசு வாங்கிடலாமா, இல்ல இதையே தட்டிக்கொட்டி ஓட்டலாமா?"

மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூட மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறேன். இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்த நாட்களும் உண்டு. இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் எது உண்மையிலேயே செத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கத்திய ஐந்தையும் திறந்தேன். ராமை, அதாவது நினைவகத் தகட்டைப் பிடுங்கிப் பார்த்தால் தங்க நிறக் கம்பிகளின் மேல் மங்கலாக ஒரு படலம். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிய அறைக்குள் உப்புக் காற்று செய்த வேலை. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, துடைத்து, திரும்பச் செருகியதும் நான்கு எழுந்துவிட்டன. செலவு ஐந்து ரூபாய் ரப்பர். மூச்சுவிடாத ஆறில் இரண்டுக்கு உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தது. ஒன்றின் உள்ளே பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. மீதி நான்கில் மதர்போர்டு காலி, கெபாசிட்டர்கள் தலை வீங்கிப் போய் நின்றன. ஆக 15 மெஷினைக் காப்பாற்றலாம், 5 தேறாது.

ஓடிய ஒன்பதில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கல்வித் துறை மாணவர் விவரங்களை ஏற்றச் சொல்லும் எமிஸ் தளம் திறக்கவில்லை என்று போன வருடம் முழுக்க இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் போயிருக்கிறது. பார்த்தால் தேதி 2009 ஜனவரி என்று நிற்கிறது. போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் செத்தால் கடிகாரம் பிறந்த நாளுக்கே போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப்போகாமல் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது. நாற்பது ரூபாய் செல்லுக்கு ஒரு வருடம் போனது. பொருளை விட, வந்து பார்க்க ஆள் இல்லாததுதான் பெரிய குறை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, மூன்று லட்சத்துக்கு வருவோம்.

புதிது வாங்கினால் என்ன கிடைக்கும்? மானிட்டரோடு ஒரு சாதாரண டெஸ்க்டாப் நான் விசாரித்த இடங்களில் 42,000 சொன்னார்கள். மூன்று லட்சத்துக்கு ஏழு. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் ஒரு கீபோர்டைச் சுற்றி ஆறு தலை. அதில் இரண்டு பேர் தட்டுவார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனாலும் புதியதில் நல்லது இல்லாமல் இல்லை. மூன்று வருடம் வாரன்டி, விண்டோஸ் 11, கரண்ட்டும் குறைவு. இப்போது வரும் குட்டி டெஸ்க்டாப்கள் பழைய பெட்டி இழுப்பதில் பாதிகூட இழுப்பதில்லை, அதனால் யு.பி.எஸ். மேல் சுமையும் இறங்கும்.

என் தயக்கம் வேறு. ஒரே நாளில் வாங்கிய மெஷின்கள் ஒரே வருடத்தில் கிழடாகும். இந்த 20 மெஷினின் கதையும் அதுதான். ஒரே லாரியில் வந்தவை, ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்தவை. அரசுப் பணமும் அப்படித்தான் வரும். 2018-இல் வந்த சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் விதிமுறையில் ஒரு பள்ளியின் கணினி வசதிக்கு ஒருமுறைச் செலவாக 6.40 லட்சம் வரை, அதன்பின் வருடத்துக்கு 2.40 லட்சம் வரை 5 வருடங்களுக்கு என்று இருக்கிறது. ஐந்து வருடம் பரவாயில்லை. ஆறாவது வருடம் மெஷின் அனாதை. பெரும்பாலான லேபுகளில் நான் போய் நிற்பது அந்த ஆறாவது வருடத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று, புது மெஷினை எந்த பிளக்கில் செருகப் போகிறோம்? அந்த லேபில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 11 வோல்ட் காட்டியது. மூன்றுக்கு மேல் போனாலே எங்களுக்குக் கவலை. எர்த் குழி காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் நான்கு வோல்டுக்கு இறங்கியது. அந்த நான்கு மதர்போர்டுகளும் வரிசையாகப் போனதற்கு இது பாதிக் காரணம் என்பது என் சந்தேகம். எர்த்தைச் சரிசெய்யாமல் புதிது வாங்கினால், வாரன்டிக்கு வருகிற இன்ஜினியர் முதலில் மீட்டரைத்தான் எடுப்பார். அளவைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அடுத்தது பழையதில் நல்லது, அதாவது ரீஃபர்பிஷ்ட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின்கள் மலைபோலக் கிடக்கும். பெட்டி மட்டும் 15,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. மானிட்டர் பள்ளியில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாம். கணக்குப்படி மூன்று லட்சத்துக்கு இருபதும் வந்துவிடும். காகிதத்தில் இதுதான் ஜெயிக்கிறது. பார்க்க வேண்டியது பிராசசர் எண். ஐ3, ஐ5 என்பதன் பின்னால் வரும் எண் எட்டாயிரத்திலோ அதற்கு மேலோ இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆறாயிரம், ஏழாயிரம் என்றால் அநேகமாக ஏறாது. கடைக்காரர் "ஏத்தித் தர்றேன் சார்" என்பார். குறுக்கு வழியில் ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லைசென்ஸ் சாவியும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதே நாகரிகம் என்கிற நிலைமை. ஓர் அரசுப் பள்ளி அப்படி ஓட்டக் கூடாது.

அரசு நிதியில் பழைய பொருள் வாங்குவது லேசில் நடக்காது. நன்கொடைப் பணத்தில் வாங்கலாம், அல்லது பொருளாகவே கொடுத்ததாக இருப்புப் பதிவேட்டில் ஏற்றலாம். சிப்காட், நெய்வேலி பக்கம் கம்பெனிகள் இலவசமாகவே தரும் மெஷின்களும் இந்த வகைதான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கம்ப்யூட்டரை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கு வந்த பத்தில் ஆறு மெஷின் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. அதன்பிறகு அது கம்பெனியின் குப்பை இல்லை, பள்ளியின் குப்பை.

குப்பை என்றதும் கண்டம் பண்ணுவதை, அதாவது உதவாது என்று பதிவேட்டிலிருந்து கழிப்பதைச் சொல்லியாக வேண்டும். செத்த மெஷினை யாரும் பதிவேட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். ஆடிட்டில் கேட்பார்களோ, ஓய்வு பெறும் நேரத்தில் பாக்கி என்று நிற்குமோ என்ற பயம். அதனால் அறிவியல் லேப் மூலையிலும் மாடிப்படிக்கு அடியிலும் பிணங்கள் அடுக்கியிருக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி இதைக் காயலான் கடைக்குப் போட முடியாது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். போகும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளச் சொல்வேன். பிள்ளைகளின் ஆதார் எண், உதவித்தொகை வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில்தான் தூங்குகிறது.

மூன்றாவது வழி, இருப்பதைத் தேற்றுவது. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் கூடவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடப் பழைய ஐ3 மெஷின் ஆமை மாதிரி நகர்வதற்குப் பெரும்பாலும் பிராசசர் காரணம் இல்லை, சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு, சுற்றாத சிப் வகைச் சேமிப்பான ஒரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் வேறு மெஷின் ஆகிவிடும். அன்றைக்கே கையில் இருந்த ஒரு எஸ்.எஸ்.டி.யை மாட்டிக் காட்டினேன். முன்பு ஸ்விட்ச் போட்டுவிட்டு வருகைப் பதிவேடு எடுத்து முடிக்கும் வரை சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது முதல் வரிசைப் பெயர்கள் முடிவதற்குள் திரை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் டீச்சர், "அதே மெஷின்தானா?" என்று பின்னால் ஒட்டியிருந்த எண்ணைக் குனிந்து பார்த்தார். ஒரு மெஷினுக்கு நாலாயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளலாம். விலை வாரத்துக்கு வாரம் ஆடும், ஏறவும் ஏறும். 15 மெஷினுக்கு 60,000.

இதில் ஏற்றுவதற்கு விண்டோஸா, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸா என்பதுதான் வழக்கு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கல்வி நிறுவனங்களுக்கு நீட்டிப்பு உண்டு. ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 1 டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. மொத்தம் 7 டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் அதை மொத்த லைசென்ஸ் வழியாக வாங்க வேண்டும். ஒரு தலைமையாசிரியர் நேரே போய்க் கடையில் வாங்குகிற சமாசாரம் இல்லை. மேலே துறை மனது வைத்தால்தான் நடக்கும்.

லினக்ஸ் என்றால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பாடப் புத்தகமே நமக்குத் துணை. பிளஸ் ஒன் கணினி அறிவியலில் உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கிறது, கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் இருக்கிறது, பிளஸ் டூவில் பைத்தான் நிரல்மொழி. இவை எல்லாம் லினக்ஸில் தாராளமாக ஓடும். 2024-25 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளிகளுக்கும் பைத்தான்தான், அங்கே யாராவது இதைப் படித்தால் கணக்கு மாறாது. எமிஸ் பிரவுசரில் ஓடுவது, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே கிடைக்கிறது.

இடறுகிற இடங்களும் உண்டு. பள்ளி அலுவலகத்தில் பழைய கடிதங்கள் எல்லாம் வானவில் ஔவையார் எழுத்துருவில் கிடக்கும், எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், தட்டச்சு செய்வதுதான் தொல்லை. அப்புறம் பிரிண்டர். பாதி அலுவலகங்களில் இருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் போட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன். அதனால் என் வழக்கம்: மாணவர் மெஷின் எல்லாம் லினக்ஸ், அலுவலகத்துக்கும் பிரிண்டருக்கும், துறை எப்போதாவது கொடுக்கும் தனி மென்பொருளுக்கும் இரண்டு மூன்று விண்டோஸ். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் வெறுமனே ஏற்றிக் கொடுத்தால் அதுதான் நடக்கும். விழுப்புரத்தில் வி-க்ளக், புதுச்சேரியில் எஃப்.எஸ்.ஹெச்.எம். என்று கட்டற்ற மென்பொருளுக்காகவே இயங்கும் குழுக்கள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பள்ளிகள் போய்க் கதவைத் தட்டலாம்.

டேப்லெட் வாங்கலாமே என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் கேட்டார். பார்க்க நன்றாக இருக்கும். அதில் உட்கார்ந்து நிரல் எழுத முடியாது, திரை உடைந்தால் முடிந்தது. ஒரே சர்வரில் இருபது திரையைத் தொங்கவிடும் ஏற்பாடும் ஒன்று உண்டு. சர்வர் இருமினால் வகுப்பே படுத்துவிடும். கடலூர் கரண்ட்டை நம்பி அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, பழுது பார்க்க யார் வருவது?

ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் தலைவலி தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளிருந்து சொல்கிறேன். சில வருடம் முன்பு வெளியூர் கம்பெனி ஒன்றுக்காக இந்த மாவட்டத்தில் பழுது அழைப்புகளுக்குப் போய்வந்தேன். ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று காசு. ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கினால்தான் காசு வரும், மெஷின் ஓடினால் என்று ஒப்பந்தத்தில் இல்லை. காலையில் விருத்தாசலம், மதியம் குறிஞ்சிப்பாடி, சாயங்காலம் முதுநகர். "பார்வையிடப்பட்டது, பாகம் தேவை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாகம் எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்துப் போட்ட ஒரு தலைமையாசிரியை, "அடுத்த தடவை எப்ப வருவீங்க தம்பி?" என்று கேட்டது இப்போதும் நினைவில் இருக்கிறது.

ஆகவே ஏ.எம்.சி. போடுவதானால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். பாகங்களோடு சேர்த்தா, வெறும் கூலி மட்டுமா? பாகங்களோடு என்றாலும் பேட்டரியை அநேகமாக விலக்கியிருப்பார்கள், சின்ன எழுத்தில் பாருங்கள். இரண்டாவது, பணத்தை முன்கூட்டியே கொடுக்காமல் காலாண்டு முடிந்து கொடுப்பது. மூன்றாவதுதான் முக்கியம்: "வந்து பார்ப்பது" எத்தனை மணி நேரத்தில் என்று இல்லாமல் "ஓடவைப்பது" எத்தனை நாளில் என்று எழுதுவது. அதற்குள் முடியாவிட்டால் மாற்று மெஷின் வைக்க வேண்டும். பத்துப் பள்ளிகள் சேர்ந்து கேட்டால் இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்வார்கள். தனிப் பள்ளி கேட்டால் சிரிப்பார்கள். இருபது மெஷின் வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கு ஏ.எம்.சி. லாபம் இல்லை என்பது என் முடிவு. உள்ளூர் ஆளை அவ்வப்போது கூப்பிட்டுக் கூலி கொடுப்பது மேல். நான் அந்த உள்ளூர் ஆள் என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

கேரளத்தில் இதை வேறு மாதிரி பிடித்திருக்கிறார்கள். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் இப்போது கைட் என்ற அரசு நிறுவனம். பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ், ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்கள். அந்தப் பிள்ளைகள் ஹார்டுவேரும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மாநிலமே செய்வதை ஒரு பள்ளி அப்படியே செய்ய முடியாது. ஆனால் மாணவர் குழுவை நாளைக்கே தொடங்கலாம். ராம் தேய்ப்பது, பட்டன் செல் மாற்றுவது, தூசி ஊதுவது, எது எப்போது படுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுவது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அடிக்கிற அளவு மின்சாரம் நிற்கும். என் கடைக்கு வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன வேலைகள்தான்.

கடைசியில் தலைமையாசிரியரிடம் நான் வைத்த கணக்கு இது. 15 மெஷினைத் தேற்ற 60,000. யு.பி.எஸ்.ஸுக்கு 8 பேட்டரி 32,000. எட்டும் ஒரே வரிசை, ஒன்று பழையதாக இருந்தாலும் மற்ற ஏழையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் அரைகுறையாக மாற்றுவது வீண். எர்த் குழிக்கு 8,000. ஆக ஒரு லட்சம். மூன்று புது மெஷின் 1,26,000. மீதி 74,000-ஐப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் போட்டு, மாதம் 2,000 வீதம் மூன்று வருடத்துக்குப் பழுதுச் செலவு. நன்கொடைப் பணம் மார்ச் 31-இல் காலாவதி ஆகாது, அரசுப் பணத்தில் இல்லாத வசதி அது. அடுத்த வருடம் மூன்று, அதற்கடுத்த வருடம் மூன்று என்று புதிது வந்தால் லேப் முழுவதும் ஒரே நாளில் கிழடாகாது. இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. மெஷின் எல்லாம் ஒரே மாடல் என்றால் செத்த ஐந்தின் பாகங்கள் மற்றதற்குப் பொருந்தும், ஒரு மெஷினில் அமைத்ததை அப்படியே நகலெடுத்து (இமேஜ் என்போம்) இருபதிலும் ஏற்றலாம். மூன்று மூன்றாக வாங்கினால் அந்தச் சௌகரியம் குறையும். ஒவ்வொன்றாக வாங்காமல் மூன்றாகவாவது வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

மே மாதத்துக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்றேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது லேபைத் திறந்து, யு.பி.எஸ்.ஸைப் போட்டு, மெஷின்களை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் போதும். சாவி யாரிடம் என்பதில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் பிளஸ் ஒன் பையனின் அப்பா மேலாண்மைக் குழுவில் இருக்கிறார், அவர் பொறுப்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியருக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. "எல்லாம் சரி தம்பி. எஸ்.எஸ்.டி.க்கும் எர்த் குழிக்கும் ரிப்பன் வெட்ட முடியாதே?" நன்கொடை தருகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், படம் எடுப்பார்கள், அதில் தப்பும் இல்லை. என் எதிரிலேயே பழைய மாணவர் ஒருவருக்குப் போன் போட்டு, மூன்று புது மெஷின்தான் வரும், போதுமா என்று கேட்டார். மறுமுனையில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போதும் சார், ரிப்பனை மட்டும் வாசல் வரைக்கும் நீளமா கட்டிடுங்க" என்றார்.